இரு பழைய படகுகளுள் ஒன்றைத் தேர்தல்



ஆங்கில மொழி தமிழிடமிருந்து பெற்றுக்கொண்ட சொற்கள் சில உள. அவற்றுள் ஒன்று கட்டுமரம். மரங்களைச் சேர்த்துக் கட்டிக் கடலிற் செலுத்தும் கரையோர மக்களின் கலத்தைக் குறித்த இச்சொல், மேல்நாட்டார் நாவிலேறிப் பொருளும் சற்றே மாறி, இரண்டு உடல்களை இணைத்து அவற்றின்மேல் தளம் பரப்பிய படகுகளுக்குப் பொதுப்பெயராய் இன்று உலகெங்கும் வழங்குகின்றது. அத்தகைய இரட்டை உடற் படகுகளுள் ஒன்று, வட அமெரிக்க ஏரிகளில் மிதக்கும் பொண்டூன் படகு. அதற்குப் போட்டியாக அதே ஏரிகளில் ஓடுவது டெக் படகு எனப்படும் தளப்படகு. குடும்பத்தவரும் நண்பரும் ஒரு மாலைப்பொழுதை நீரின்மேல் இனிதே கழிப்பதற்கென்றே இவ்விரண்டும் அமைந்தன.

புதிய படகின் விலை பெரிது. ஆதலின் பிறர் சில காலம் ஆண்டு விற்கும் படகையே பலரும் நாடுகின்றனர். பழைய பொண்டூன் ஒன்றும் பழைய தளப்படகு ஒன்றும் ஒரே விலைக்கு எதிரெதிரே நிற்கும்போது எதைத் தேர்வது? இக்கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் பல ஆண்டுச் சேமிப்பு அதனோடு பிணைந்துள்ளது. அதனினும் மேலாக, ஏறப்போகும் பிள்ளைகளின் உயிரும் பிணைந்துள்ளது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் குடியேறிய நம்மவர்க்கும் ஏரிகள் அண்மையிலே இருத்தலால், அவர்தம் உறவினரான நேயர்களுக்கும் இவ்விடயம் முற்றிலும் அயலானதன்று.

முதலில் இப்படகுகள் பிறந்த இடத்தை அறிதல் நன்று. ஐக்கிய அமெரிக்காவின் வடபால், கனடிய எல்லையை அடுத்து மினசோட்டா என்னும் மாநிலம் உளது. பத்தாயிரம் ஏரிகளின் நாடு என்பது அதன் சிறப்புப் பெயர். உண்மையில் 10 ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புடைய ஏரிகள் மட்டும் அங்கே 11,842 உள. மாரியில் அவ்வேரிகள் உறைந்து பாறைபோல் இறுகிவிடும். படகோட்டத்துக்கு உரிய காலம் ஆண்டிற் பாதியளவே. எஞ்சிய மாதங்களிற் படகு கரையிலே கிடக்கும். இந்தப் பனிக்காலம் பழைய படகின் கதையில் முக்கியமான ஒரு பாத்திரம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், இம்மாநிலத்தின் றிச்மண்ட் என்னும் சிற்றூரை அடுத்து வாழ்ந்த அம்புரோஸ் வீரெஸ் என்னும் விவசாயி, இரும்புப் பீப்பாய்களை ஒன்றோடொன்று பற்றவைத்து இரண்டு நீண்ட மிதவைகளாக்கி, அவற்றின்மேல் மரத்தளம் ஒன்றை அமைத்து ஏரியில் விட்டார். தளத்தின்மேல் நின்றாலும் நடந்தாலும் படகு சாயவில்லை. கண்டவர் விரும்பினர், விரும்பியவர் வாங்கினர், விவசாயி படகுத் தொழிலதிபர் ஆனார். பின்னர்ப் பீப்பாய்கள் மறைந்து அலுமினியக் குழாய்கள் வந்தன. மரத்தளத்தின்மேல் கம்பளமும், சுற்றிலும் வேலியும், மெத்தைகளும், வெயிலுக்கு மறைப்பும் வந்தன. எனினும் இரண்டு குழாய், ஒரு தளம் என்னும் அடிப்படை இன்றும் மாறவில்லை.

தளப்படகு வேறு வழியிற் பிறந்தது. அது பைபர் கிளாஸ் எனப்படும் கண்ணாடியிழையினால் அச்சில் வார்த்தெடுக்கப்பட்ட ஒரே உடல். அதன் அடிப்பாகம் நடுவிற் கூர்ந்து நீரைப் பிளக்கும். வேகப்படகின் அந்த உடலையே எடுத்து, அணியம் எனப்படும் முன்தலையைக் குறுக விடாது அகல விரித்து, அங்கும் பலர் அமர இடஞ் செய்தால் அது தளப்படகு. சுருங்கக் கூறின், பொண்டூன் மிதக்கும் திண்ணை. தளப்படகு திண்ணையும் சேர்ந்த வேகப்படகு.

இனி ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கணவன், மனைவி, 8 வயதிலும் 13 வயதிலும் இரு பிள்ளைகள், 70 வயதைக் கடந்த தாய் ஆகிய ஐவர். வார இறுதியில் விருந்தினர் இருவரோ மூவரோ சேர்வர். நடுத்தரப் பரப்புடைய ஏரியொன்றின் கரையில் அவர்களது கோடை வீடு. அவர்கள்முன் இரு படகுகள் விற்பனைக்கு நிற்கின்றன. ஒன்று 22 அடி நீளப் பொண்டூன்; 90 குதிரை வலுவுடைய வெளியிணைப்பு இயந்திரம் பூண்டது; வெயிலில் வெளிறிய மெத்தைகள். மற்றது 21 அடி நீளத் தளப்படகு. 220 குதிரை வலுவுடைய உள்ளிணைப்பு இயந்திரம். பளபளப்பான செந்நிறப் பக்கங்கள். விலை ஒன்றே. பிள்ளைகளின் கண்கள் செந்நிறப் படகை விட்டு அகலவில்லை.

இவ்விடத்தே பெரியவர் இருவரும் மூன்று கேள்விகளைத் தமக்குள் எழுப்புதல் வேண்டும். எந்த நீரில் ஓட்டப்போகின்றோம்? எவர் ஏறப்போகின்றனர்? ஏறியபின் என்ன செய்யப்போகின்றோம்? படகின் வகையைத் தீர்மானிப்பவை இம்மூன்றுமே.

நிற்கும் நிலையை முதலில் நோக்குவோம். பொண்டூனின் இரு குழாய்களும் ஏறத்தாழ எட்டடி அகலத்தின் இரு ஓரங்களிலும் கிடப்பதால், ஒருவர் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு நடந்தாலும் தளம் மிகச் சிறிதே சாயும். துறையிலிருந்து வாயில் வழியாகத் தளத்துக்குச் செல்வது ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்வது போன்றது. முதியவர்க்கும் கைத்தடி ஊன்றுவோர்க்கும் இது பெரும் பேறு. தளப்படகிலோ துறையிலிருந்து கீழே இறங்குதல் வேண்டும். இறங்கியவரின் பாரத்துக்கேற்பப் படகும் சாயும். 70 வயதுத் தாய்க்கு அந்த ஓர் அடிப் பள்ளம் ஒரு மலையிறக்கம்.

ஓடும் நிலை வேறு. வேகம் கூடும்போது தளப்படகின் கூர்ந்த அடி நீரைப் பிளந்து, உடல் மேலெழுந்து, நீர்ப்பரப்பின்மேல் வழுக்கிச் செல்லும். திரும்பும்போது சைக்கிள் ஓட்டுபவர் சாய்வதுபோல உட்புறமாகச் சாய்ந்து திரும்பும். 220 குதிரை வலுவில் மணிக்கு 40 மைல் வேகத்தை அது எட்டலாம். கயிற்றைப் பற்றி நீரின்மேல் சறுக்கி விளையாட விரும்பும் இளைஞர்க்கு இதுவே உகந்தது. இரு குழாய்ப் பொண்டூன் 90 குதிரை வலுவில் மணிக்கு 20 முதல் 25 மைல் வரையே செல்லும். திரும்புங்கால் தட்டையாகவே திரும்பும். நடுவில் மூன்றாம் குழாயொன்று பொருத்திப் பெரிய இயந்திரம் பூட்டிய பொண்டூன்கள் விரைந்து ஓடுவன. அவற்றின் விலையும் விரைந்தே ஏறும்.

அலையும் காற்றும் அடுத்த சோதனை. பேரேரிகளிற் காற்றெழுந்தால் அலை குறுகியும் செங்குத்தாயும் எழும். கூர்ந்த அடியுடைய தளப்படகு அவ்வலையை வெட்டிச் செல்லும். எனினும் அகன்ற அதன் அணியத்தில் அறுவர் நெருங்கி அமர்ந்திருப்பின், முன்தலை தாழ்ந்து அலை உள்ளே ஏறவும் கூடும். பொண்டூனின் தளத்தின் கீழ்ப்புறத்தை அலை அறையும். முன்பாரம் மிகுந்தால் குழாய்களின் முனைகள் அலைக்குள் புகும். அன்றியும், அதன் வேலியும் மறைப்பும் காற்றுக்குப் பாய்போல் ஆவதால், துறை சேர்க்கும் வேளையிற் படகு பக்கவாட்டில் ஒதுங்கும். ஆழமற்ற கரையோரத்தில் பொண்டூனே எளிதாகச் செல்லும்.

எரிபொருட் செலவையும் மறத்தலாகாது. பெற்றோல் இயந்திரம் தன் முழு வலுவோடு ஓடுங்கால், ஒவ்வொரு 10 குதிரை வலுவுக்கும் மணிக்கு ஏறத்தாழ ஓர் அமெரிக்கக் கலன் குடிக்கும் என்பது படகோட்டிகள் கொண்டுள்ள பரும்படிக் கணக்கு. ஆகவே முழு வேகத்தில் பொண்டூன் மணிக்கு 9 கலனும், தளப்படகு 22 கலனும் குடிக்கும். முழு வேகத்தில் எவரும் எந்நேரமும் ஓடுவதில்லை. எனினும் பெரிய வாயுடைய விருந்தாளி எவர் என்பது இதனால் விளங்கும்.

இனிப் பாரம். ஆசனங்களை எண்ணி ஆட்களை எண்ணுவது பலர் செய்யும் பிழை. 24 அங்குல விட்டமும் 22 அடி நீளமும் உடைய குழாய் ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 69 கன அடி. ஒரு கன அடி நன்னீரின் நிறை 62.4 இறாத்தல். எனவே ஒரு குழாய் முழுதும் அமிழும்போது தாங்கும் பாரம் ஏறத்தாழ 4,300 இறாத்தல். இரண்டும் சேர்ந்து 8,600. ஆயினும் குழாய்கள் பாதியளவுக்கு மேல் அமிழாதிருத்தலே நன்று. ஆகவே கணக்கிற் கொள்ளத்தக்கது 4,300 இறாத்தல் மட்டுமே. அதிலே படகின் சொந்த நிறைக்கு 2,000, இயந்திரத்துக்கு 400, பெற்றோல், மின்கலம், நங்கூரம் முதலியவற்றுக்கு 250 எனக் கழித்தால் எஞ்சுவது 1,650 இறாத்தல். ஆளொன்றுக்கு 185 இறாத்தல் எனக் கொண்டால், எட்டுப் பேரும் அவர்தம் பைகளும் மட்டுமே அடங்கும். மெத்தைகளிலோ பன்னிருவர் அமர இடமிருக்கும்! படகிற் பொருத்திய தகட்டில் ஆட்தொகையும் பாரமும் குறித்திருப்பின், இரண்டனுள் எது முதலில் நிறைகின்றதோ அதுவே எல்லை.

இக்கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2004ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள், அமெரிக்காவின் போல்ற்றிமோர் துறைமுகத்தில் லேடி டி என்னும் பயணிகள் பொண்டூன் படகு, திடீரென எழுந்த புயற்காற்றிற் கவிழ்ந்தது. படகில் இருந்தவர் 25 பேர், இறந்தவர் ஐவர். 25 பேரை ஏற்றலாம் என்பதே அப்படகுக்கு வழங்கிய அனுமதி. அந்த அனுமதி, அதற்கு முற்றும் ஒப்பாகாத வேறொரு படகிற் செய்த சோதனையை வைத்து வழங்கப்பட்டது என்றும், ஆளொன்றுக்கு 140 இறாத்தல் என்ற பழைய அளவு அக்கால மக்களின் உண்மை நிறைக்குக் குறைந்தது என்றும் விசாரணையிற் கண்டனர். பின்னர் அமெரிக்கக் கரையோரக் காவற்படை பயணிகள் படகுகளுக்குரிய அளவை 185 இறாத்தலாக உயர்த்தியது; 2011 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. பொண்டூன் சாயாது என்ற நம்பிக்கை பாரத்தின் எல்லைக்குள் மட்டுமே செல்லும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

வகையைப்பற்றி இதுவரை கூறினோம். இனி, வகை எதுவாயினும், எதிரே நிற்கும் அந்த ஒரு படகு நல்லதா என்பது தனிக் கேள்வி. சந்தையில் மாடு வாங்குவோர் அதன் கொம்பில் தீட்டிய வர்ணத்துக்கு விலை பேசுவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பர்; சுழி பார்ப்பர்; நடக்கவிட்டுப் பார்ப்பர். பழைய படகுக்கும் பல் உண்டு. அது பளபளக்கும் பக்கத்தில் இல்லை. தளத்தின் கீழும், நீரின் கீழும், இயந்திரத்தின் உள்ளும் இருக்கின்றது.

பொண்டூனின் பல் அதன் குழாய்கள். படகை நீரில் விட்டு எட்ட நின்று நோக்குக. எவரும் ஏறாத நிலையில் ஒரு பக்கம் தாழ்ந்து மிதக்குமாயின் அப்பக்கக் குழாயினுள் நீர் புகுந்திருக்கலாம். கரையேற்றியபின் குழாயின் நெடுகிலும் விரல்முட்டியால் தட்டுக. வெற்றிடம் ஓர் ஓசை தரும். நீர் நின்ற இடம் வேறோசை தரும். சிறு நசுங்கல் அழகைக் கெடுக்குமேயன்றிப் படகைக் கெடாது. பற்றவைப்பு ஓரத்தில் விரிந்த கீறலோ பெருந்தீங்கு. நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு விரியும். ஆகவே குழாயினுள் தங்கிய நீர் மாரிதோறும் உறைந்து, பற்றவைத்த மூட்டுகளை உள்ளிருந்து நெம்பும்.

அடுத்து, காலணியைக் கழற்றிவிட்டுத் தளமெங்கும் அடிமேல் அடிவைத்து நடத்தல் வேண்டும். கம்பளத்தின் கீழ் இருப்பது ஒட்டுப்பலகை. எங்கேனும் பாதம் மெத்தென அமிழுமாயின் அங்கே பலகை உழுத்துவிட்டது. முன்பு எவரேனும் பலகையை மாற்றியிருப்பின், எவ்வகைப் பலகை இட்டனர் என வினவுக. கறையான் அரியாதபடி செம்புச் சேர்க்கைகளை ஊட்டிய வீட்டுப் பலகை அலுமினியத்தைத் தொட்டுக் கிடந்தால், ஈரத்தின் துணைகொண்டு அந்தச் செம்பு அலுமினியத்தை அரிக்கும். உவர்நீரில் நெடுங்காலம் கிடந்த படகாயின் அரிப்பை இருமடங்கு கூர்ந்து நோக்குதல் தகும்.

தளப்படகின் பல் வேறிடத்தில் இருக்கின்றது. பழைய கண்ணாடியிழைப் படகுகள் பலவற்றில், வெளியே இழை, உள்ளே பலகை. இயந்திரத்தைத் தாங்கும் பின்சுவரும், உடலின் நெடுகே ஓடும் தாங்குமரங்களும் இழைக்குள் பொதிந்த மரங்களே. ஓர் ஆணித்துளை வழியே நீர் கசிந்தாற் போதும். உள்ளிருக்கும் மரம் ஆண்டுக் கணக்காக இருட்டிலே உழுத்துக்கொண்டிருக்கும். வெளியே செந்நிறம் மின்னிக்கொண்டிருக்கும். பின்சுவரை ஒரு சுத்தியலின் பிடியால் மெல்லத் தட்டுக. நல்ல மரம் கணீரென ஒலிக்கும். உழுத்தது மொத்தென ஒலிக்கும். ஈரம் அளக்கும் கருவியுடைய பரிசோதகர் ஒருவரை அமர்த்தினால் ஐயம் முற்றாக நீங்கும். பிற்காலத்து உடல்கள் சிலவற்றில் மரமே இல்லை. அதனையும் வினவி அறிதல் வேண்டும்.

உள்ளிணைப்பு இயந்திரத்துக்கு மேலும் இரண்டு சோதனைகள் உள. முதலாவது பனி. மாரிக்கு முன் இயந்திரத்தினுள் தங்கும் நீரை வடித்துவிடாதவர் படகில், அந்நீர் உறைந்து விரிந்து, வார்ப்பிரும்பையே வெடிக்கச் செய்யும். இயந்திரத்தின் பக்கங்களில் துருக்கோடு நீண்டிருப்பினும், ஓரிடத்தில் மட்டும் புது வர்ணம் பூசியிருப்பினும் காரணங் கேட்க வேண்டும். இரண்டாவது, பின்சுவரைத் துளைத்து வெளியே செல்லும் பகுதியைச் சூழ்ந்த றப்பர் உறை. அது வெடித்தால் நீர் படகினுள் புகும். துறையிற் கட்டிய படகு கட்டியபடியே மூழ்கும். கடைசியாக அதனை மாற்றிய ஆண்டு எது என்பதற்கு விற்பவரிடம் பற்றுச்சீட்டு இருத்தல் நன்று.

இரு படகுக்கும் பொதுவானவை சில. புரொப்பெல்லர் எனப்படும் சுழல் விசிறிக்கு மேலுள்ள பற்சக்கரப் பெட்டியின் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்க்க. பால் கலந்த கோப்பிபோல் வெண்மை தட்டியிருப்பின் உள்ளே நீர் புகுந்துவிட்டது. இயந்திரத்தின் உருளைகள் ஒவ்வொன்றிலும் அழுத்தத்தை அளக்கச் செய்க. ஒன்றுக்கொன்று நூற்றுக்கு 10 பங்குக்குமேல் வேறுபடுமாயின் நோய் உண்டு. பார்க்கச் செல்லுமுன்பே விற்பவர் இயந்திரத்தை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தாரா என்பதைக் கையால் தொட்டறிக. குளிர்ந்த இயந்திரம் முதல் முயற்சியிற் கிளம்புவதே அதன் உண்மையான நாடித் துடிப்பு.

படகை ஏற்றிச் செல்லும் இழுவை வண்டியையும் இகழலாகாது. அதன் றப்பர்ச் சில்லின் பக்கத்திற் பொறித்த எண்வரிசையின் இறுதி நான்கு எண்களும் செய்த வாரத்தையும் ஆண்டையும் கூறும். 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பார்வைக்குப் புதிதாயிருந்தும் பத்தாண்டு கடந்த சில்லு நெடுஞ்சாலையில் வெடிக்கலாம்.

பத்திரங்களைப் பார்ப்பதும் படகைப் பார்ப்பதில் ஒரு பகுதியே. அமெரிக்கப் படகுகளின் பின்சுவரில் வலப்பக்கத்தே 12 குறிகள் கொண்ட உடலெண் பொறித்திருக்கும். 1984க்குப் பின் வந்த படகுகளில் அதன் இறுதி இரு எண்களும் மாதிரி ஆண்டைக் காட்டும். அந்த எண்ணும் உரிமைப் பத்திரத்திலுள்ள எண்ணும் ஒன்றாதல் வேண்டும். வங்கிக் கடன் தீராத படகை வாங்கியவர் பணத்தையும் கொடுத்துப் படகையும் இழக்க நேரும். இவையெல்லாம் நிறைவாயிருப்பின், அரைமணி நேரமேனும் நீரில் ஓட்டிப் பார்த்து, கரையேற்றி, அடிப்பகுதியை மீண்டும் ஒருமுறை நோக்குதல் வேண்டும். நீரில் ஓட்டிப் பார்க்க இணங்காத விற்பனையாளரிடம் விலை பேசுவது, ஆழம் அறியாமற் காலை விடுவதாகும்.

இப்போது அக்குடும்பத்திடம் திரும்புவோம். சோதனையின் முடிவில், பொண்டூனின் குழாய்கள் இரண்டும் உலர்ந்தே உள்ளன, ஆனால் பின்பக்கத்துத் தளப்பலகை இரண்டடி அளவு உழுத்துள்ளது, மெத்தைகளும் வெடித்துள்ளன. தளப்படகின் இயந்திரம் இசைபோல் ஓடுகின்றது. ஆனால் பின்சுவர் ஓரிடத்தில் மொத்தென ஒலிக்கின்றது. இரண்டிலும் உழுத்தது மரமே. இரண்டும் ஒரே அளவு குற்றம் என்று எண்ணலாமா?

எண்ணலாகாது. இங்கேதான் இருவகைப் படகுக்கும் உள்ள ஆழ்ந்த வேற்றுமை வெளிப்படுகின்றது. பொண்டூன் பல உறுப்புகளைப் பூட்டிச் செய்த படகு. வேலியைக் கழற்றலாம், மெத்தையைக் கழற்றலாம், கம்பளத்தை உரித்துப் பலகையை எடுத்து, ஏற்ற புதுப்பலகையை இட்டு மீண்டும் பூட்டலாம். உழைப்பும் பொறுமையும் உடையவர் தம் வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். தளப்படகோ ஒரே வார்ப்பு. அதன் பின்சுவருக்குள் உள்ள மரத்தை மாற்ற வேண்டுமாயின் இயந்திரத்தை இறக்கி, உடலை அறுத்துத் திறந்து, மரத்தை அகழ்ந்தெடுத்து, மீண்டும் இழைபொதிந்து மூடவேண்டும். அச்செலவு பழைய படகின் விலையையே விழுங்கிவிடக்கூடும். செய்யாது விட்டாலோ, முழு வேகத்திற் செல்லும்போது இயந்திரத்தின் பாரமும் உந்தலும் அந்த உழுத்த சுவரிலேதான் தங்கும்; சுவர் நெகிழ்ந்தால் நீர் உட்புகும். ஆகவே குற்றத்தின் அளவைவிடக் குற்றம் இருக்கும் இடமே முதன்மை பெறும்.

அமைதியான ஏரி, முதிய தாய், இளம் பிள்ளைகள், விருந்தினர் என்னும் மூன்று கேள்விகளின் விடையும் பொண்டூனையே சுட்டின. மறைந்த பகுதியின் சோதனையும் அதனையே சுட்டிற்று. பலகைக்கும் மெத்தைக்கும் ஆகும் செலவை விலையிற் கழித்து அதனை வாங்குதல் அக்குடும்பத்துக்குத் தகும். ஆனால் அதே குடும்பம் காற்று மோதும் பேரேரியின் கரையில் வாழ்ந்து, பிள்ளைகள் வளர்ந்து நீர்ச்சறுக்கு விளையாட்டை நாடி, தளப்படகின் பின்சுவரும் கணீரென ஒலித்திருப்பின், முடிவும் மாறியிருக்கும்.

இன்னுமொரு நிலையும் உண்டு. வகை பொருந்திய படகு உழுத்திருக்கலாம். உழுக்காத படகு வகையாற் பொருந்தாதிருக்கலாம். அப்போது பலர் மயங்கி, குறைந்த தீமை எதுவென ஆராயத் தொடங்குவர். இரண்டு பொருள் முன்னே நின்றால் ஒன்றை எடுத்தே தீரவேண்டும் என்பது வணிகரின் கணக்கு, வாங்குவோரின் கடமையன்று. இரண்டையும் விட்டுவிட்டு வீடு திரும்புவதும் ஒரு தேர்வே. படகுக் காலம் முடியும் இலையுதிர் பருவத்தில், மாரி முழுவதும் படகைக் காத்து வைக்க விரும்பாத உரிமையாளர் பலர் விற்க முன்வருவர். பொறுத்தவர்க்கு அப்போது தெரிவும் பெருகும், விலையும் இளகும்.

வாங்கியபின் நினைவிற் கொள்ள வேண்டியவை சிலவே. ஆளுக்கொன்று என அளவான உயிர்காப்பு அங்கிகள் படகில் இருத்தல் அமெரிக்கச் சட்டம். மினசோட்டாவில் 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஓடும் படகில் அதனை அணிந்தே இருத்தல் வேண்டும். பொண்டூனின் முன்வேலிக்கு வெளியே அமர்ந்து காலைத் தொங்கவிடும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஒருநாளும் பழக்கலாகாது. படகு சட்டென மெதுவாகினால் விழுபவர் குழாய்களுக்கு இடையே சென்று சுழல் விசிறியிற் சிக்குவர். தளப்படகில், இயந்திர அறையில் தங்கும் பெற்றோல் ஆவியை விசிறியால் நான்கு நிமிடம் வெளியேற்றிய பின்னரே இயந்திரத்தைக் கிளப்ப வேண்டும். எந்தப் படகாயினும், இயந்திரம் ஓடும்போது பின்படியில் எவரையும் அமர விடலாகாது. அங்கே வெளிவரும் புகையிலுள்ள நச்சு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மயங்கியவர் ஓசையின்றி நீருள் வீழ்வர்.

செந்நிறப் படகை விட்டு வெளிறிய படகை வாங்கிய நாளிற் பிள்ளைகள் முகஞ் சுளிக்கலாம். அடுத்த கோடையில், பாட்டி பிறர் கைத்தாங்கல் இன்றித் துறையிலிருந்து தளத்துக்கு நடந்து சென்று அமரும் மாலையில், அம்முகங்களிற் சுளிப்பு இராது.